"பாவ்ன் பாரி ஹை"

கிள்ளானிலிருந்து ஒரு தாதி போன வாரம் கேட்டிருந்தார்: "அக்கா, டிசம்பர்ல 2 வாரம் லீவு இருக்கு. இந்தியாவுல ஏதாவது கிராமத்து ஆஸ்பத்திரியில தொண்டு செய்யலாமா? இந்தி தெரியாது, சமாளிச்சிடலாம்தானே?" தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. வேறு சிலருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

சமாளிக்க முடியாது தங்கச்சி. உங்கள் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மொழி இல்லாமல் போகாதீர்கள்.

நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்து சத்தீஸ்கரில், பிலாஸ்பூர் பக்கத்து கிராம மருத்துவமனை ஒன்றில் 5 மாதம் இருந்தேன். அதற்கு முன்னால் மசூரிக்கு மேலே லண்டூரில் இருக்கும் மொழிப்பள்ளியில் 6 வாரம் இந்தி படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. மரியாதையாக "ஆப்", அதாவது "நீங்கள்", போட்டுப் பேச வந்துவிட்டது. என்னைக் கடைசிவரை பயமுறுத்தியது "கல்" என்ற சின்னச் சொல். நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். "பர்சோன்" என்றால் முந்தாநாளும்தான், நாளன்றைக்கும்தான். எது என்று வினைமுற்றுதான் சொல்லும். பிள்ளைக்கு எப்போதிலிருந்து வயிற்றால் போகிறது என்று கேட்கிற இடத்தில், மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்கிற இடத்தில், அந்த வினைமுற்று நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அங்கே போய் மூன்றாவது வாரம். இடுப்பு வலி என்று ஒரு இளம்பெண் வந்தாள். பேசியதெல்லாம் மாமியார்தான். "பாவ்ன் பாரி ஹை" என்றார். கால் கனமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தேன், வீக்கம் இல்லை. அப்படியே சீட்டில் எழுதினேன். அந்தச் சீட்டை நம்பி டாக்டர் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கத்தில் நின்ற மிதானின், அதாவது ஊர்ச் சுகாதாரப் பணியாளர்தான் கையை நீட்டித் தடுத்தார். "பாவ்ன் பாரி" என்றால் கர்ப்பம். மூன்று மாதம். கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மாத்திரை அது.

நம் பாட்டிமார் "முழுகாம இருக்கா" என்று சொன்னால், இவள் குளிக்கவில்லை என்றா சீட்டில் எழுதுவோம்? மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு என்னிடம் சொல் இல்லை, அதனால் கேட்காமலே தாண்டிப் போனேன். மலாயில் "டாத்தாங் பூலான்" என்கிறோம் அல்லவா, அதே மாதிரி அங்கே "மஹீனா" வந்ததா என்றுதான் பெண்கள் பேசுவார்கள். நான் படித்த பாடத்தில் ரயில் டிக்கெட் வாங்குவது இருந்தது, இது இல்லை.

இன்னொன்று, அங்கே வீட்டில் பேசுவது சத்தீஸ்கரி. வயிற்று வலிக்கு நான் "தர்த்" என்ற இந்திச் சொல்லுக்குக் காத்திருந்தால், வருகிறவர்கள் "பேட் பிராத் ஹே" என்பார்கள். அந்த மாமியார் எனக்காகச் சிரமப்பட்டு இந்தியில் பேசியிருக்கிறார். அதைக்கூட நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

மிதானின் யார் என்று சொல்ல வேண்டும். சத்தீஸ்கரியில் தோழி என்று அர்த்தம். 2002 வாக்கில் அந்த மாநிலம் அந்தந்தப் பாராவிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துச் சுகாதார வேலைக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 2005இல் நாடு முழுக்க வந்த ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர் திட்டத்துக்கு அது ஒரு முன்னோடி. இன்று இந்தியாவில் ஏறக்குறைய 10 லட்சம் ஆஷாக்கள் இருக்கிறார்கள். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களைக் கௌரவித்தது. ஆனால் அரசின் கணக்கில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, தன்னார்வலர்கள். சம்பளம் என்று கிடையாது, ஊக்கத்தொகைதான். விமானத்தில் வந்த எனக்கும் அதே பெயர், காசநோயாளி 6 மாதமும் மாத்திரையை விடாமல் இருக்க வீடு வீடாக நடக்கிற அவருக்கும் அதே பெயர்.

முதல் மாதம் முழுக்க எனக்கு மொழிபெயர்க்க அந்த மிதானினையோ ஒரு உள்ளூர் தாதியையோ பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் ஒருத்தி உதவிக்குப் போனேன், அவர்களில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு எனக்கு உதவினாள். கூட்டிக் கழித்தால் மருத்துவமனைக்கு நான் என்ன கொடுத்தேன்? 2 வாரத்தில் திரும்பியிருந்தால் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டதுதான் அதிகமாக இருந்திருக்கும். அதனால்தான் குறுகிய காலத் தொண்டுப் பயணங்கள் எனக்குப் பிடிப்பதில்லை, இதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சரி, அப்போ என்ன செய்வது? இந்த டிசம்பரை விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் 4 மாதமாவது விடுப்பு கிடைக்குமா என்று பாருங்கள். அதுவரை இந்தி படியுங்கள். போகிற ஊரில் வீட்டுக்குள் என்ன மொழி என்று முன்பே கேளுங்கள். போனதும் முதல் 2 வாரம் நோயாளியைத் தொடாமல், வெளியே காத்திருக்கிற பெண்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருங்கள். அங்கேதான் நான் "ஸான்ஸ் பூல்னா" கற்றேன், மூச்சு வாங்குவதை மூச்சு உப்புகிறது என்று சொல்வார்கள். "சஃபேத் பானி" கற்றேன். நம் வெள்ளைப்படுதல்தான், அவர்களும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

அந்தச் சொற்களையெல்லாம் ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் அந்த மிதானின் திருத்தியது. போவது உறுதியானால் சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் "பாவ்ன் பாரி" இருக்கும்.