மங்கல இசை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்

போன வைகாசியில் கும்பகோணம் பக்கம் ஒரு முகூர்த்தம். விடிகாலை நாலரைக்கே மண்டபத்தில் உட்கார்ந்து நாயனத்தில், அதாவது நாதஸ்வரத்தில், பூபாள ராகம் எடுத்தேன். அந்த நேரத்தில் கேட்க யாரும் இல்லை, பரவாயில்லை. ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்தபோது வாசலில் செண்டை மேளம் வந்து இறங்கியது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்து, "நாயனத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா, தாலி கட்டறப்ப கூப்பிடுறேன்" என்றார். தவில்காரர் வாசிக்க விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

செண்டைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் கை நோகப் பழகி வந்தவர்கள்தான். எனக்கு வலித்தது "தாலி கட்டறப்ப" என்ற வார்த்தை. நாயனம் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் யாரும் கேட்க வேண்டாம். மங்கல இசை என்று பெயர் வைத்தே எங்களை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாயனம். தாத்தா கோயில் வாசலில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டை போடாமல் நின்றுகொண்டே வாசித்தவர். நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, ஷெர்வானி போட்டு, மேடையில் சமமாக உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றாரே, அதைத் தாத்தா தன் வீட்டு விசேஷம் மாதிரி சொல்லுவார். ஒரு திருவிழாவில் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டுவிட்டு விடியற்காலையில் நடந்தே ஊர் திரும்பிய கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். 1956ல் பிள்ளை காலமான அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லையாம்.

அப்பாவுக்கு நான் வாசிப்பதில் விருப்பமே இல்லை. "டீச்சர் ட்ரெயினிங் படி பாப்பா. ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பொழப்பு உனக்கு வேணாம்" என்பார். தை, வைகாசி, ஆவணியில் தூக்கம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போய் வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்பா சொன்னதில் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் வாசித்தேன்.

காரணம் அம்மா. அம்மாவைப் பெற்ற தாத்தா தவில்காரர். மாமாக்கள் இரண்டு பேரையும் விடியற்காலையில் எழுப்பி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பெண் பிள்ளைக்குச் சொல்லித் தரவில்லை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அத்தனை சொற்கட்டையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். இப்போதும் அரிசி களையும்போது அவள் விரல் பாத்திர விளிம்பில் போடும் நடையைக் கேட்க வேண்டும். கணக்கு ஒரு இடத்தில் பிசகாது.

அப்பாவிடம் ஒரு சின்னத் தகர டப்பா இருந்தது. உள்ளே சீவாளிகள், நாயனத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதுகிற நாக்குகள். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்தது, திருவாவடுதுறையிலிருந்து வாங்கி வருவார். கச்சேரிக்கு முன்னால் ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைப்பார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உதடுபோல இருக்கும் இரண்டு பக்கமும் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்ப்பார். நாயனத்தில் நூலில் தொங்கும் ஊசியை உள்ளே விட்டு லேசாக நிமிண்டுவார். மறுபடி வாய்க்குள். "இப்ப பேசும்" என்பார். எனக்குப் பதினோரு வயதில் அந்த டப்பாவைத் திறந்து என் கையில் ஒன்றை வைத்தவள் அம்மா. அப்பா வெளியூர் போயிருந்தார். அன்று வந்த சத்தத்தைச் சத்தம் என்று சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து மாட்டுக் கொட்டகையில் ஊதிக்கொண்டிருந்தவளை அப்பா பார்த்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நாலரைக்கு எழுப்பி, "முதல்ல பாடு. பாடாதவன் வாசிக்கக் கூடாது" என்றார்.

ஒரு வருடம் வாய்ப்பாட்டு மட்டும். அப்புறம்தான் துத்துகாரம், அகாரம் என்று நாயனத்தில் ஊதும் பயிற்சிகள். நான் வாசிக்கும் மாயாமாளவகௌளை ராகத்தை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே அம்மா கத்துவாள், "காந்தாரம் எட்டல, இன்னும் ஊதுடி." அப்பா என்னைப் பார்க்காமல் சிரிப்பார்.

பெண் வாசிப்பதா என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். மதுரை பொன்னுத்தாய் அந்தக் காலத்திலேயே ஊர் ஊராய்ப் போய் நாயனம் வாசித்தவர். 2020ல் நாயனம் வாசிக்கும் காலீஷாபி மகபூப், கணவர் ஷேக் மகபூப் சுபானி இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது அம்மா பேப்பரில் வந்த படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். கேட்டவர்கள் வீட்டுக்கு வந்தால் கண்ணில் படும் இடமாகப் பார்த்து ஒட்டினாள்.

என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரக் கச்சேரி வேண்டும். விழா தொடங்குமுன் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் இல்லை. மாலையில், ஜனங்கள் உட்கார்ந்திருக்கும்போது. தோடியை ஒரு மணி நேரம் விரித்து வாசிக்க வேண்டும், தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனத்துக்கு முழுசாக நேரம் விட வேண்டும். ராக ஆலாபனையை இந்த அளவுக்கு வளர்த்தெடுத்ததே நாயனம்தான். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தின் பிருகாக்களில், அந்த வேகமான சுரக் கோவைகளில், ராஜரத்தினம் பிள்ளை இருக்கிறார் என்று பாட்டுக்காரர்களே சொல்கிறார்கள். நாயனக்காரர் சின்ன மௌலானா சாகிபுக்கு 1998ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்கள். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது கிடைக்கவே இல்லை. அதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கோயில் சடங்குகளுக்கென்றே நாயனத்தில் வாசிக்கும் உருப்படி மல்லாரி. தீர்த்தம் கொண்டு வரும்போது ஒரு மல்லாரி, மடைப்பள்ளியிலிருந்து தளிகை வரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று. எல்லாம் கம்பீர நாட்டை ராகம். வார்த்தையே கிடையாது. ஒரு காலத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே, எந்த மல்லாரி என்று காதில் வாங்கி, சாமி கிளம்பியாச்சா, நைவேத்தியம் வந்தாச்சா என்று தெருவே சொல்லுமாம். அந்தக் காது இன்றைக்கும் சிலரிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடும் அண்ணன்மாரே, அக்காமாரே, சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் ஒரே ஒரு அரை மணி நேரம் மைக்கை எங்களுக்கு விடுங்கள். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போடுங்கள். பணத்தைக் கூட்டிக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்கிறேன்.

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். அங்கே செய்யும் நாயனத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர். நாலு வருடமாகச் சேர்த்த பணத்தில் எனக்கென்று முதல் நாயனம் செய்யச் சொல்லப் போனோம். இதுவரை வாசித்ததெல்லாம் அப்பாவுடையது. ஆச்சா மரம். இடித்த பழைய வீட்டு உத்திரமாம், எத்தனையோ வருடம் வெயில் படாமல் காய்ந்தது. ஆசாரி கட்டையைத் தட்டிக் காட்டினார். அம்மா வாங்கித் தானும் தட்டிப் பார்த்தாள், இரண்டு விரலால், தவில் தட்டுகிற மாதிரி.

"எதுக்கும்மா, கல்யாணத்துக்கா கச்சேரிக்கா? அதுக்குத் தக்கன சுருதி வைக்கணும்" என்று ஆசாரி என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள், "கச்சேரிக்கு."