அவசரத்தில அவிச்ச இடியப்பமாம்

ஞாயிற்றுக்கிழமை நடந்த புத்தக வெளியீட்டுக் கூட்டத்தைப் பற்றி எழுதுறேல்ல எண்டுதான் மூண்டு நாளாப் பொறுத்திருந்தன். அந்த வீடியோத் துண்டு உங்கள் எல்லாற்ற போனுக்கும் வந்திருக்கும், திரும்ப நான் சொல்லத் தேவையில்ல. மதிப்பீட்டுரை செய்ய வந்த ஐயா 40 நிமிசத்தில 25 நிமிசம் தன்ர இளமைக்காலத்தைக் கதைச்சு முடிச்சுப்போட்டு, கடைசியில மேசையில கிடந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "பிளேன் ஏறுற அவசரத்தில அவிச்ச இடியப்பம்" எண்டார். சனம் சிரிச்சுது. இங்கிலாந்துக்குப் படிக்கப் போகமுதல் தன்ர கதைப் புத்தகத்தையும் பாட்டுகளையும் செய்து முடிச்ச பிள்ளையும் முன்வரிசையில இருந்து சேந்து சிரிச்சுது. வேற என்ன செய்யிறது, மேடையில பெரியவர்.

பாட்டுகளின்ர ஒலிப்பதிவிலயும் புத்தகத்தின்ர பக்க அமைப்பிலயும் கூட நிண்டவன் நான். அதால இவனுக்குச் சார்பு எண்டு சொல்லுறவை சொல்லலாம். சார்பு இருக்குத்தான். கணக்கும் இருக்கு.

இடியப்பத்தைப் பற்றியாவது சரியாச் சொல்லியிருக்கலாம். இடியப்பம் அவசரத்தில பிழைக்கிறேல்ல. தண்ணி வடிவாக் கொதிக்கமுதல் மாவுக்குள்ள விட்டால்தான் பிழைக்கும். தண்ணி கொதிச்சிருந்தால் கால் மணித்தியாலத்தில தட்டு இறக்கலாம். இந்தப் பிள்ளை தண்ணியை எப்ப அடுப்பில வைச்சது எண்டு ஐயாவுக்குத் தெரியாது. கதைகள் எழுதினது நாலு வருசத்தில. மெட்டுகள் அதுக்கும் முந்தியது. கடைசி மாதங்களில நடந்தது பிழிஞ்சு அவிச்ச வேலை மட்டும்தான். அவசரம் வேற, நாள் குறிச்சுச் செய்யிற வேலை வேற. இந்த வித்தியாசம் கலியாண வீட்டுச் சமையல்காரருக்குத் தெரியும். எங்கட மேடைப் பேச்சாளருக்குத் தெரியாமப் போச்சு.

நாள் எப்பிடிக் குறிச்சது எண்டு பாருங்கோ. செப்டெம்பர் கடைசியில இங்கிலாந்தில வகுப்பு. அங்கயிருந்து பின்னால எண்ணிக்கொண்டு வரோணும். விசா முடிவு வர வழமையா 3 கிழமை. விண்ணப்பிக்கமுதல் செலவுக்காசு வங்கிக் கணக்கில தொடர்ந்து 28 நாள் கிடக்கோணும், அந்த 28ஆவது நாள் விண்ணப்பத்துக்கு முந்தின 31 நாளுக்குள்ள வரோணும். இடையில ஒருநாள் தொகை குறைஞ்சாலும் திரும்ப ஒண்டிலயிருந்து எண்ண வேண்டியதுதான். கைமாத்து வாங்கின வீடுகளில அந்த 28 நாளும் ஆருக்கும் நித்திரை இல்ல. காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்பு. 400 கிலோமீற்றர் ராத்திரி பஸ்ஸில போய், விடிய முகம் கழுவி வரிசையில நிண்டு, அண்டிரவே திரும்பி வந்து, அடுத்த நாள் ஒத்திகை. இதுக்கு நடுவில நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடி ஏறினாப் பிறகு ஒரு நல்ல மிருதங்கக்காரரின்ர பின்னேரம் கிடைக்காது, ஊரில சத்தமில்லாத மூலையும் கிடைக்காது. ஆகவே பதிவு முழுக்க கொடியேற்றத்துக்கு முதல் முடிஞ்சிருக்கோணும். முடிஞ்சுது.

பதிவு எண்டால் பட்டனை அமத்திறது எண்டு நினைக்கிற ஆக்களுக்காகக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். ஆனி, ஆடியில இஞ்ச சோளகம், தென்மேல் காத்து, அடிக்கும். பகலில பனையோலை சரசரக்கிற சத்தம் மைக்குக்குள்ள மழை மாதிரி விழும். அதால இரவு 1 மணியிலயிருந்து 4 மணி வரைதான் வேலை. நாலரைக்குக் கோயில் மணி, அதோட ஒலிபெருக்கி. ஃபானை நிப்பாட்டோணும், பிரிட்ஜை நிப்பாட்டோணும். (பிரிட்ஜை நிப்பாட்டினால் மோட்டச்சைக்கிள் திறப்பை அதுக்குள்ள போடுங்கோ. அப்பதான் விடிய மறக்காமல் திரும்பப் போடுவியள்.) லாப்டொப்பை பற்றரியில ஓட விடோணும். வீட்டு ஏர்த் சரியில்லாட்டி 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பதிவின்ர எல்லாத் தடத்துக்கும் (ட்ராக்) அடியில இழுபட்டுக்கொண்டு கிடக்கும், பேந்து எடுக்கிறது பெரிய பாடு. ஒலியின்ர உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல போகாமல் அளவை வைக்கோணும். மிருதங்கத்தின்ர வலந்தலையில, வலது பக்கத்தில, ஒரு அடி திடீரெண்டு பாயேக்க ஒலி உடைஞ்சால் அந்த டேக், அந்த முறை வாசிச்சுப் பதிஞ்சது முழுக்க, குப்பைதான்.

மிருதங்கத்தின்ர பாடு தனி. தொப்பி எண்ட இடது பக்கம் அப்பின ரவை, ஃபான் இல்லாத அறைப் புழுக்கத்திலயும் காயும். காஞ்சால் கும்கி எண்ட இழுவை நாதத்தில கனம் போயிடும், திரும்பத் தண்ணி தொட்டுக் குழைக்கோணும். சுருதி ரெண்டு கட்டை. ரெண்டு டேக்குக்கு ஒருக்கால் கல்லும் புள்ளும் எடுத்து வாரைத் தட்டிச் சேக்கோணும். வயலின் கம்பியும் சூட்டுக்கு இறங்கும். இப்பிடி 8 தடம், ஒரு பாட்டு 5 நிமிசம், 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ்: ஒரு டேக்குக்கே கிட்டத்தட்ட 345 மெகாபைற். ரெண்டாவது பாட்டுக்கு 11 டேக். பதினொண்டு, ஐயா. அவசரக்காரர் மூண்டோட எழும்பிப் போயிருப்பினம்.

பகலில புத்தகம். கதைகளில பாதி பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சுக் கிடந்தது. யுனிகோட்டுக்கு மாத்தேக்க கதைக்குள்ள வந்த ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையா மாறும், ஒவ்வொண்டாக் கண்ணால தேடித் திருத்தோணும். அதை விடப் பெரிய வில்லங்கம் 'ர்' இருக்கவேண்டிய இடத்தில தட்டெழுத்தாளர் 'ா' எண்ட அரவைப் போட்டு அதுக்கு மேல குத்து வைச்சிருக்கிறது. பார்வைக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான். கணினிக்கு வேற எழுத்து. "அவர்" எண்டு தேடினால் பாதி அவரைக் காணாது. ஔவையாருக்கு 'ஔ' போடாமல் ஒனாவும் ளனாவும் சேத்து அடிச்ச கதை இன்னொண்டு. மூண்டு தரம் புரூப் பாத்தது அந்தப் பிள்ளை. மூண்டாம் தரம் கடைசிப் பக்கத்திலயிருந்து முன்னுக்கு வாசிச்சது. அப்பிடி வாசிச்சால்தான் கதை இழுக்காமல் எழுத்து மட்டும் கண்ணில படும்.

பக்கக் கணக்கு 131 வந்து நிண்டுது. அச்சில ஒரு போம், ஒண்டா அடிச்சு மடிக்கிற தாள், எண்டால் 16 பக்கம். 8 போம் 128, 9 போம் 144. மூண்டு பக்கத்துக்காக ஒரு போம் கூட்டினால் 13 பக்கம் வெறுமையாக் கிடக்கும், காசும் கூடும். அட்டை வேற முதலிலயே 144 பக்கத்துக்கு வரைஞ்சது. 80 கிராம் தாளில எட்டுத் தாள் குறைஞ்சால் முதுகு முக்கால் மில்லிமீற்றருக்கு மேல மெலியும், முதுகில இருக்கிற தலைப்பு விளிம்புக்கு நழுவும். அதையும் திருப்பி வரையிறது எண்டு முடிவெடுத்து, கதையில கை வைக்காமல், 5 பக்க அணிந்துரையை 2 பக்கமாக்கினம். அணிந்துரை எழுதினது ஆர் எண்டு புத்தகம் வாங்கினவைக்குத் தெரியும். "காலத்தின் தேவை" எண்டு அதில எழுதினவருக்கு மேடையில அது இடியப்பமா மாறினதுக்கும் அந்த 3 பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கெண்டு நான் சொல்ல வரேல்ல. கணக்கை மட்டும் சொல்லுறன்.

இப்ப கேப்பியள்: ஏன் உந்த ஓட்டம், அங்க போய் ஆறுதலாச் செய்யேலாதோ?

ஏலாது. மாணவர் விசாவில போற பிள்ளை படிப்புக் காலத்தில கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். சொந்தத் தொழில் செய்யேலாது. மேடைக் கலைஞரா வேலை செய்யவும் ஏலாது, விசா நிபந்தனையிலயே கிடக்கு. அப்ப ஆரும் கச்சேரிக்குக் காசு குடுத்துக் கூப்பிட்டாலும் போகேலாது. மிச்ச நேரத்தில நாலு பேர் இருக்கிற வீட்டில, மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் இரவு 1 மணிக்கு வயலின் வாசிச்சுப் பாருங்கோ. அதோட அந்த மிருதங்கக்காரர் இஞ்ச. புரூப்பில "பேந்து", "கெதியா" எண்ட எங்கட ஊர்ச் சொல்லுகளைப் பிழையெண்டு வெட்டாத அச்சகக்காரர் இஞ்ச. அவசரம் வேற, இதுவேற எண்டு இதுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுறன்.

ஆறுதலாச் செய்யப் போனவையின்ர கதையும் தெரியும். எங்களோட வேலை செய்த பெடியன் ஒருத்தன் 6 பாட்டுப் பதிஞ்சு, "அங்க போய் மிக்ஸ் பண்ணுவம் அண்ணை" எண்டு ஹார்ட் டிஸ்க்கோட கனடாவுக்கு வெளிக்கிட்டான். ஏழு வருசம். மென்பொருள் பதிப்பு மாறி அந்தக் கோப்பு இப்ப திறக்குதில்ல, திறந்தாலும் பாதிச் செருகலை (பிளகின்) காணேல்ல. பிழை எங்க எண்டால், ஒவ்வொரு தடத்தையும் பூச்சியத்திலயிருந்து ஒரே நீளத்துக்கு வேவ் கோப்பா எடுத்து வைக்கேல்ல. எடுத்து வைச்சிருந்தால் எந்த மென்பொருளிலயும் போட்டு வேலை செய்யலாம். இந்தப் பிள்ளை எடுத்து வைச்சது. ஒரு டிஸ்க் பயணப் பையில, மற்றது தாயின்ர அலுமாரியில சீலைக்குக் கீழ.

"எல்லாம் கம்பியூட்டரிலயே செய்யலாமே, மிருதங்கம் கூட" எண்டு ஒருத்தர் கீழ எழுதுவார். எழுதுங்கோ, லைக் போடுறன்.

மூண்டாவது பாட்டில கீழ்க்குரல் (பேஸ்) கொஞ்சம் கூடிப்போச்சு எண்டு ஒரு நண்பர் தனியாச் சொன்னவர். உண்மை. போனில கேட்டால் தெரியாது, காரில கேட்டால் தெரியும். அதைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அது என்ர கை, பிள்ளையின்ர கை இல்ல. அதோட அதை மேடையில ஆரும் சொல்லேல்லையே? சொல்லியிருந்தால் குறிப்பெடுத்திருப்பன். மேடையில வந்தது இடியப்பம்.

வெளிநாடு போற பிள்ளையளை எங்கட ஊர் ரெண்டு விதமாத்தான் பாக்கும். போகமுதல் "ஓடுறாள்." போய் ரெண்டு வருசத்தில "தங்கச்சி, கோயிலுக்கு ஒருநாள் உபயம், வாசிகசாலைக்குக் கூரை." இடையில அந்தப் பிள்ளை என்ன எழுதினது, என்ன வாசிச்சது எண்டு கேக்க ஒரு ஆளில்ல. இஞ்ச இருந்து ஆறுதலாச் செய்யிற நாங்கள் என்ன செய்து கிழிச்சம்? என்ர மேசை லாச்சிக்குள்ள பாதியில நிக்கிற வேலை மட்டும் அஞ்சு இருக்கு. ஐயாவின்ர கட்டுரைத் தொகுப்பு வருது, வருது எண்டு நான் கேள்விப்படத் தொடங்கி எத்தினை வருசம்? பிடிஎப் அனுப்பி 16 நாள் கையில வைச்சிருந்தவர், பிள்ளையின்ர ஒரு கதையின்ர பெயரைக் கூடச் சொல்லேல்ல. சிறப்புப் பிரதியும் வாங்கி, வீட்டுக்கெண்டு இன்னொண்டும் எடுத்துக்கொண்டு போனவர். கடித உறையைப் பற்றிக் கேக்காதேங்கோ.

சரி, கோவத்தில தடம் மாறிப் போறன்.

இப்ப பிள்ளை பெட்டி அடுக்குது. வயலினுக்கு நாலு கம்பியையும் முழுக்கத் தளத்தக் கூடாது, கம்பியைத் தாங்குற குதிரை விழும், உள்ளுக்க நிக்கிற குச்சியும் சாயும். ஒவ்வொரு கம்பியையும் அரைச் சுருதி, ஒரு சுருதி மட்டும் இறக்கி, குதிரைக்கு ரெண்டு பக்கமும் மெல்லிய துணி வைச்சால் காணும். பெட்டி 80 சென்ரிமீற்றர் வரும், கைப்பை அளவு 55தான் எண்டு கவுண்டரில நிண்டு சண்டை பிடிக்காமல் விமான நிறுவனத்திட்ட முதலே எழுத்தில அனுமதி எடுத்து, அச்சடிச்சு வைச்சிருக்கு. குளிர்காலத்தில ஹீற்றர் போட்ட அறைக் காத்து வறண்டுபோகும், எங்கட ஈரக்காத்தில இருந்த மரம் வெடிக்கும். அதுக்கு ஈரப்பதக் குழாய் ஒண்டும் பெட்டிக்குள்ள. பாட்டுகளும் 3 கிழமைக்கு முதலே ஸ்பொட்டிஃபைக்கு ஏத்தியாச்சு, அட்டைப்படம் 3000க்கு 3000. பெயரைத் தமிழிலயும் ஆங்கிலத்திலயும் ஒரே மாதிரிக் குடுத்தாச்சு. 300 பிரதியில மிச்சம் என்னட்ட இருக்கு, வேணுமெண்டவை உள்பெட்டியில எழுதுங்கோ.

குறை கண்டுபிடிக்க ஆசைப்படுறவைக்கு ஒண்டு தாறன். ரெண்டாவது பாட்டில 3 நிமிசம் 12 செக்கனில, கோர்வை எண்ட தாளக்கட்டு முடிஞ்சு வயலின் திரும்ப எடுக்கிற இடத்தில, ஒரு பல்லி சொல்லுது. வயலின் வாசிச்ச பிள்ளையும் மிருதங்கக்காரரும் ஒரே அறைக்குள்ள சேந்து வாசிச்சது. வயலின் மைக்கில மிருதங்கமும் விழுந்திருக்கு, வேற டேக்கில இருந்து வெட்டி ஒட்டினால் ஒட்டுத் தெரியும். மிச்சப் பத்து டேக்கிலயும் பல்லி இல்ல, அந்த வாசிப்பும் இல்ல. மிருதங்கக்காரர் ஹெட்போனைக் கழட்டிப்போட்டு, "சமத்தில, தாளம் தொடங்குற அடியிலதான் சொல்லியிருக்கு, விடுங்கோ" எண்டார். விட்டிட்டம்.