தண்ணி டெஸ்ட் பண்றவன் உக்காந்த எடத்துல நம்பர் போடல

அந்த வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, எனக்கே எல்லா குரூப்ல இருந்தும் வந்துருச்சு. தெருக்குழாய்த் தண்ணில கம்பிய விட்டு கரண்ட் குடுத்தா காவி கலர்ல கசடு கிளம்புது, பக்கத்துல ஆர்ஓ தண்ணி அப்படியே தெளிவா நிக்குது, "இதுக்குத்தான் அரசாங்க லேப்ல நல்ல தண்ணின்னு ரிப்போர்ட் குடுத்திருக்கான், உக்காந்த எடத்துல நம்பர் போட்டிருக்கான்"னு வீடியோ போட்டவர் கத்துறார். அப்படி ரிப்போர்ட் போடுற வேலைலதான் நான் இருக்கேன். குடிநீர் பரிசோதனை லேப்ல ஜூனியர் கெமிஸ்ட், அதுவும் கான்ட்ராக்ட். பேசாம இருந்துரலாம்னுதான் பாத்தேன், முடியல.

அந்தக் காவி கலர் தண்ணில இருந்து வரலங்க, கம்பில இருந்து வருது. அது இரும்புக் கம்பி. தண்ணில உப்பு இருந்தா கரண்ட் பாயும், பாஞ்சா இரும்பு கரைஞ்சு கசடா வரும். ஆர்ஓ தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, அதனால கரண்ட் பாயாது, அவ்வளவுதான் விஷயம். அதே ஆர்ஓ தண்ணில ஒரு சிட்டிகை சமையல் உப்பப் போட்டு அதே கம்பிய விட்டுப் பாருங்க, அதுவும் காவியாகும். இத அவர் செஞ்சு காட்டல. வீடியோவுக்குக் கீழ ஃபில்டர் விக்கிற லிங்க் மட்டும் இருக்கு.

அடுத்து அந்த டிடிஎஸ் மீட்டர். அது தண்ணில கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு பாத்து, அத ஒரு எண்ணால பெருக்கி காட்டுற கருவி. மொத்த உப்பு தோராயமா எவ்வளவுன்னு சொல்லும், என்ன உப்புன்னு சொல்லாது. டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணிக்கு வழியில்லன்னா 2000 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்லுது. மீட்டர்ல 900 காட்டுனதும் "விஷம் விஷம்"னு கத்துறாங்க. 300 காட்டுற போர் தண்ணில ஃபுளோரைடு 2 மில்லிகிராம் இருக்கலாம், ஈகோலைங்குற மலக்கிருமி இருக்கலாம், மீட்டருக்கு ஒண்ணும் தெரியாது, அது சிரிச்ச முகமாத்தான் இருக்கும். ஃபுளோரைடுக்கு லிமிட்டே லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 1.5. அந்த அரை மில்லிகிராம் வித்தியாசத்துக்காகத்தான் நாங்க உக்காந்து திரும்பத் திரும்ப ரீடிங் எடுக்குறோம்.

எனக்கு இது வெறும் வேலை இல்ல. என் சொந்த ஊர் தர்மபுரி பக்கம். எங்க பெரியப்பாவுக்கு பல்லு பூரா பழுப்புக் கறை, ஃபோட்டோ எடுத்தா வாய மூடிக்குவாரு, கடைசில முதுகு இறுகிப்போய் நிமிர முடியாமத்தான் நடந்தாரு. ஊருல அத வெத்தலைக் கறைன்னாங்க, வயசுன்னாங்க. கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், குடிச்சா இனிக்கும். அவர அப்படி ஆக்கினது அந்தத் தண்ணில இருந்த ஃபுளோரைடு, அது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. யாரோ ஒரு கெமிஸ்ட் டெஸ்ட் பண்ணி பேப்பர்ல எழுதினதாலதான் வெளிய தெரிஞ்சுச்சு. அப்படி ஊர் ஊரா எழுதின நம்பருங்க இருந்ததாலதான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்துச்சு, 2013-ல காவேரித் தண்ணி எங்க பக்கம் ஓடிச்சு. அந்த மாதிரி நம்பரப் பாத்துதான் வீடியோக்காரர் உக்காந்த எடத்துல போட்டதுங்குறார்.

சரி, "கவர்மெண்ட் லேப்ல ரிப்போர்ட்ட மாத்த மாட்டாங்களா"ன்னு கேப்பீங்க. நான் மாத்துனதில்ல, என் டேபிள்ல அது நடந்ததில்ல. "ரிப்போர்ட் லேட்டா வருது"ன்னா, ஆமா வருது. பாக்டீரியா டெஸ்ட்டுக்கு இன்குபேட்டர்ல 24 மணி நேரம், சிலதுக்கு 48 மணி நேரம் வச்சே ஆகணும், கிருமி வளர்றதுக்கு நான் அவசரப்படுத்த முடியாது. "அப்ப எங்க தெருத் தண்ணி ஏன் நாறுது"ன்னா, நீங்க குடுத்த பாட்டில்ல இருந்த தண்ணிக்குத்தான் நான் பதில் சொல்ல முடியும். டேங்க்ல எடுத்த சாம்பிள் சுத்தமா இருக்கும், நடுவுல குழாய் சாக்கடைக்குள்ள உடைஞ்சு கிடந்தா அது என் ரிப்போர்ட்ல எப்படி வரும்? குழாய் மாத்த வேண்டியவங்கள யாரும் வீடியோ எடுக்கல. பேர் தெரியாத கெமிஸ்ட்டத் திட்டுறதுதான் சுலபம்.

"சம்பளம் வாங்குறீங்கல்ல"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல. வாங்குறேங்க. எம்எஸ்சி முடிச்சு, நடுவுல ஏஜென்சி பிடிச்சது போக மிச்சம் வர்ற சம்பளம், அதுவும் எல்லா மாசமும் முதல் தேதிக்கு வர்றதில்ல. சில்வர் நைட்ரேட் பட்டு விரல் கருத்துப்போய் கிடக்கு, டெஸ்ட்டுக்கு ஊத்துற அமோனியா கரைசலோட நெடி சாயங்காலம் சட்டைய கழட்டும்போதும் இருக்கும். தண்ணியோட கடினத்தன்மைய அளக்க சொட்டுச் சொட்டா கெமிக்கல் விடும்போது ஒயின் கலர் நீலமா மாறுற அந்த ஒரு சொட்டுல நிறுத்தணும், தாண்டிட்டா மறுபடி முதல்ல இருந்து. யாரும் பாக்கல, அப்படியே எழுதிரலாம், ஆனா எழுத மாட்டோம். எங்கம்மா அந்த வீடியோவப் பாத்துட்டு "நீ பண்றது இதுதானாடா"ன்னு கேட்டாங்க. அதுதாங்க எனக்குத் தாங்கல.

அந்தத் தெருக்காரங்க யாராவது இதப் படிச்சா ஒண்ணு பண்ணுங்க. குழாய்த் தண்ணி, போர் தண்ணி ரெண்டையும் உங்க மாவட்ட லேபுக்குக் கொண்டு போங்க. சுத்தமான ரெண்டு லிட்டர் கேன்ல, அதே தண்ணில நல்லா அலசிட்டு புடிங்க, கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேணாம். பாக்டீரியா டெஸ்ட்டுக்கு மட்டும் லேப்ல கிருமி நீக்கின பாட்டில் தருவாங்க, அத அலசக்கூடாது, உள்ள விரல் படக்கூடாது, ஐஸ் வச்சு அன்னைக்கே குடுத்துருங்க. முடிஞ்சா பக்கத்துல நின்னு நாங்க எப்படிப் பண்றோம்னு பாருங்க, நான் கூட இருந்து காட்டுறேன்.