அந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது

"வயிறு வலிக்குது" என்றுதான் அந்தப் பையன் இரவு 10 மணிக்கு வீட்டில் சொல்லியிருக்கிறான். 14 வயது. அஜீரணமாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு முறை வாந்தி வேறு எடுத்ததால் அஜீரணம்தான் என்று முடிவே ஆகிவிட்டது. மறுநாள் காலை 11 மணிக்கு எங்கள் அவசரப் பிரிவுக்கு வரும்போது காலை அகட்டி அகட்டி வைத்துத்தான் அவனால் நடக்க முடிந்தது. நான் அப்போது அங்கே செவிலியர். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது தொப்புளுக்குக் கீழே கையை வைத்தான். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் கை இன்னும் கீழே போனது.

விரை முறுக்கிக்கொண்டிருந்தது. விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒரு கொடி மாதிரி மேலிருந்து இறங்குகின்றன. அந்தக் கொடி திருகிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். வலி ஆரம்பித்து 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், 12 மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும், ஒரு நாள் ஆகிவிட்டால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. இவன் வந்தது 13 மணி நேரம் கழித்து. அந்த விரையை எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்று இருந்தாலே ஹார்மோனுக்கும் பிற்காலத்தில் குழந்தை பெறுவதற்கும் பொதுவாகப் போதும், அதை அவனுக்கும் பெற்றோருக்கும் டாக்டர் நன்றாகவே விளக்கினார். ஆனாலும் இழக்காமல் இருந்திருக்கலாமே.

தையல் பிரிக்க வந்தபோது அவனிடம் கேட்டேன், ராத்திரியே ஏம்ப்பா சொல்லல என்று. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல சிஸ்டர்" என்றான்.

இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பதில் என்னை விடவில்லை. அவன் வெட்கப்பட்டான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். யோசித்துப் பாருங்கள், அந்த ராத்திரி அவன் எந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியும்? கண், காது, முழங்கை, கணுக்கால் என்று எல்லாவற்றுக்கும் குழந்தைக்குப் பெயர் சொல்லிக்கொடுத்த நாம், தொப்புளுக்குக் கீழே வந்ததும் தாவி முழங்காலுக்குப் போய்விடுகிறோம். அந்த இடம், அது, கீழே, ஷேம் ஷேம், இவ்வளவுதான் வீட்டில் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் விந்தகம், அண்டகம் என்று பரீட்சைக்கு எழுதும் வார்த்தைகள் இருக்கின்றன, அதை வைத்து யாரும் அம்மாவிடம் பேச முடியாது. மிச்சம் இருப்பது தெருவில் சண்டையில் காதில் விழுபவை, அதைச் சொன்னால் அடி விழும். ஒரு பிள்ளை தன் உடம்பைப் பற்றிச் சொல்லக் கையில் இருப்பது ஒரு கெட்ட வார்த்தையும் ஒரு பரீட்சை வார்த்தையும் மட்டும்தான் என்றால் அவன் "வயிறு" என்றுதான் சொல்வான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பள்ளிகளில் போய்ப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயர் எழுதாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வேன், ஒன்றைக்கூட ஒதுக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். அந்தச் சீட்டுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. பிள்ளைகளின் பயத்தில் பாதி உடம்பிலிருந்து வருவதில்லை, நாம் பூசி மெழுகி வைத்திருக்கும் சொற்களிலிருந்து வருகிறது.

ஒரு சீட்டில் இருந்தது: "எனக்கு ஆறு நாள் ஆகுது. எல்லாருக்கும் மூணு நாள்தானே. நான் செத்துடுவேனா?" ஆமாம், 'அந்த மூணு நாள்' என்று காலம் காலமாகச் சொல்லிவிட்டோம். மாதவிடாய் 2 நாளிலும் முடியலாம், 7 நாள் வரையும் போகலாம், எல்லாமே இயல்பு. ஒரு சொல்லை மறைத்துப் பேச ஒரு எண்ணைப் பிடித்தோம், அந்த எண்ணை நம்பி ஒரு குழந்தை சாவைப் பற்றி யோசித்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். 'மாதாமாதம்' என்பதும் அப்படித்தான். முதல் மூன்று வருடங்களில் 21 நாளுக்கு ஒரு முறையும் வரலாம், 45 நாளுக்கு ஒரு முறையும் வரலாம், மூளைக்கும் சினைப்பைக்கும் இடையில் அந்தத் தாளம் பிடிபடக் காலம் எடுக்கும். காலண்டரில் 28 தாண்டியதும் பெண் பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். 3 மாதத்துக்கு மேல் வரவில்லை, 7 நாளுக்கு மேல் நிற்கவில்லை, மணிக்கு ஒன்றாக நாப்கின் நனைகிறது, 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் வலி. இதைப் பற்றி எனக்குக் கோபமே வரும். "பொண்ணுன்னா பொறுத்துக்கணும்" என்று இன்னும் சொல்கிறோம். கருப்பையின் உள்சுவர் கழன்று வெளியேறும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கருப்பையைப் பிழிகிறது, அந்தப் பிழிதல்தான் வலி. இப்யூபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் மாதிரி மாத்திரைகள் அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. அதனால் டாக்டர் சொன்ன அளவில், வலி உச்சத்துக்குப் போன பிறகு போடாமல் ஆரம்பிக்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும். வெந்நீர் ஒத்தடமும் கேட்கும். மாத்திரை போட்டும் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாத அளவு வலித்தால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோயாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கவே பல பெண்களுக்கு வருடக்கணக்கில் ஆகிறது. காரணங்களில் ஒன்று, அவர்கள் முதன்முதலில் வலிக்கிறது என்று சொன்ன நாளில் யாரும் நம்பவில்லை என்பதுதான்.

அதே பெட்டியில் அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி, "அது கெட்ட ரத்தமா?" இல்லை. உடம்பில் ஓடும் அதே ரத்தம், கருப்பையின் உள்சுவர்த் திசு, கொஞ்சம் சளி போன்ற திரவம், அவ்வளவுதான். ஒரு சுழற்சியில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர், அதாவது 6 முதல் 8 டீஸ்பூன். பார்க்கப் பயமாக இருந்தாலும் அளவு அவ்வளவுதான். 80 மில்லிக்கு மேல் போனால்தான் அதிகப் போக்கு என்று கணக்கு. இந்தக் 'கெட்ட ரத்தம்' என்ற நினைப்பில் படிக்காதவர்கள் மட்டும் மாட்டவில்லை. டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய்க்குப் பரிசோதனை முறை கண்டுபிடித்த பெலா ஷிக் என்ற பெரிய டாக்டரே 1920இல் வியன்னாவில், மாதவிடாயில் இருந்த ஒரு வேலைக்காரப் பெண் தொட்ட பூக்கள் வாடின, அதனால் உடம்பில் ஏதோ விஷம் இருக்கிறது என்று எழுதினார். அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். அப்படி ஒரு விஷம் இல்லை என்றுதான் கடைசியில் ஆனது. இதை வகுப்பில் சொல்லும்போது பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும், எதோ ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருக்கும்.

"மார்பில் காம்புக்குக் கீழே கட்டி மாதிரி இருக்கு, ஒரு பக்கம் மட்டும், தொட்டா வலிக்குது, கேன்சரா?" இது 9, 10 வயதுப் பெண் குழந்தைகளிடமிருந்து வரும். பருவ வளர்ச்சியின் முதல் அடையாளமே அதுதான், ஒரு பக்கம் முந்திக்கொள்வது ரொம்ப சாதாரணம், மற்றது சில மாதத்தில் வந்து சேரும். அது தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். எத்தனை அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்? தெரிந்தால் மகளிடம் முன்கூட்டியே பேச இரண்டு வருடம் கையில் இருக்கிறதே. முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னால் வெள்ளையாகக் கொஞ்சம் திரவம் படுவதும் இயல்பே. அரிப்பு, துர்நாற்றம், நிறம் மாறுவது இருந்தால் மட்டும் காட்ட வேண்டும்.

அதே கேள்வியை ஆண் பிள்ளைகளும் எழுதுகிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. வளரும் பையன்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மார்பு கொஞ்சம் புடைக்கும், வலிக்கும், ஹார்மோன்களின் விகிதம் மாறுவதால் வருவது, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக அடங்கிவிடும். அது வரைக்கும் அந்தப் பையன் வெயிலிலும் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, விளையாடப் போகாமல், குனிந்தே நடப்பான். அவனிடம் யாராவது ஒரு வரி சொல்லியிருக்கிறோமா? பெண் குழந்தைக்காவது மாதவிடாய் வந்தபின் ஏதோ பேசுகிறோம். பையன்களுக்கு ஒன்றுமே இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறியதைப் படுக்கையில் சிறுநீர் போய்விட்டதாக நினைத்துப் போர்வையைத் தானே துவைத்து ஒளித்து வைத்த பையன் எழுதிய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சுய இன்பம் செய்தால் எலும்பு உருகுமா, ரத்தம் குறையுமா, பிறகு குழந்தை பிறக்காதா என்று கேட்பவர்கள் ஏராளம். இல்லை, இல்லை, இல்லை. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப் பையிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது, அதில் விந்தணுவின் பங்கு ரொம்பச் சிறிது, அந்த அணுக்களை விரை தினமும் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தை வடித்து விந்து செய்வதில்லை. இந்தப் பயத்தைக் காட்டியே மருந்து விற்றுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது நம்முடைய மௌனம்.

ஒரு விரை மற்றதைவிடக் கொஞ்சம் கீழே தொங்குவது இயல்பு. திடீரென்று ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், வீங்கினால், ராத்திரி 2 மணியானாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு முறை சொல்கிறேன். பையன்கள் முதல் தடவை சிரிப்பார்கள், இரண்டாவது தடவை சிரிக்கமாட்டார்கள்.

எழுதவே கை தயங்கும் சீட்டுகளும் உண்டு. "ஒருத்தர் என்னைத் தொடுறார், அதுக்கு என்ன பேர்னு தெரியல." உறுப்பின் பெயரை நேராகச் சொல்லத் தெரிந்த குழந்தை நடந்ததைச் சொல்ல முடியும், சொன்னால் கேட்பவருக்கும் சந்தேகம் இல்லாமல் புரியும். "அங்க" என்று சொன்னால் பெரியவர்கள் காதில் வாங்காமலே போய்விடுகிறார்கள். அப்படி ஒரு சீட்டு வந்த நாளில் பள்ளியில் பொறுப்பானவரிடம் பேசி, எழுதியது யார் என்று துருவாமல், தனியாக வந்து பேச விரும்புகிறவர்களுக்கு ஒரு அறையும் நேரமும் ஒதுக்கிவைத்தோம். மூன்று பேர் வந்தார்கள். ஒருவரைத்தான் எதிர்பார்த்தேன்.

சின்ன வயதிலேயே இதெல்லாம் சொன்னால் கெட்டுப்போவார்கள் என்று என்னிடம் நேரிலேயே சொன்ன பெற்றோர் பலர். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, பிள்ளைமேல் உள்ள அக்கறையில் வருவதுதான். ஆனால் யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதலுக்காக உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உடலுறவுக்குத் தூண்டவில்லை என்பதுதான் தெரிந்தது. சில இடங்களில் தள்ளிப்போடவே உதவியிருக்கிறது. அதோடு, சின்ன வயது என்று எதைச் சொல்கிறோம்? பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலிருந்து 13க்குள், பையன்களுக்கு 9 வயதிலிருந்து 14க்குள் எப்போது வேண்டுமானாலும் பருவம் தொடங்கலாம். 13 வயதில் பேசலாம் என்று காத்திருந்தால் பாதி நடந்து முடிந்திருக்கும். கையில் போன் இருக்கும் பிள்ளை அதற்குள் வேறு எங்கோ பார்த்திருக்கும். அங்கே பார்த்ததை நிஜ உடம்பு என்று நினைத்துக்கொண்டு, என்னுடையது ஏன் அப்படி இல்லை என்று அளந்து அளந்து பார்த்துக் கலங்கும் பையன்களின் சீட்டு மட்டும் ஒரு பெட்டி வரும்.

சரி, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தனியாக ஒரு நாள் பார்த்து, கதவைச் சாத்தி, உட்காரவைத்துப் பேச வேண்டாம், பிள்ளை பயந்துவிடும். குளிப்பாட்டும்போதே முதுகு, வயிறு என்று சொல்வதுபோல ஆண்குறி, விரை, பெண்குறி என்று சொல்லுங்கள். வாயில் வராவிட்டால் தனியாக நாலு தடவை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். கேட்ட கேள்விக்கு மட்டும், கேட்ட அன்றைக்கே பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம், தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறக்காமல் இருந்தால் போதும்.

என் மகள் 11 வயதில் கேட்டாள், "அண்ணனுக்குக் குரல் உடையுதே, எனக்கு உடையாதாம்மா?" இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்று ராத்திரி இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடினோம். பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகிக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது, பெண்களுக்கும் இறங்குகிறது, ஆனால் கொஞ்சமாக, மூன்று அரைச்சுரம் அளவுக்கு, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. படித்து முடித்ததும் "அப்போ எனக்கும் மாறும்" என்று ஏதோ பரிசு கிடைத்த மாதிரி சொல்லிவிட்டு, விளக்கை அணைப்பதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.