நாலு நொடித் தாத்தா

நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வரிசையில் போய் நின்றோம். ஏழே முக்காலுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தோம். பார்த்தது நாலு நொடி. கோபத்தில் குறைத்துச் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஐந்து குடும்பங்களுக்கும் மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, "நெக்ஸ்ட்!"

எந்த மால் என்று கேட்காதீர்கள். நீங்கள் போனதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அக்கா மகளுக்கு ஆறு வயது. ஒரு வாரமாகத் தாத்தாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். இரட்டைக் கோடு நோட்டிலிருந்து கிழித்த தாள், பென்சில் எழுத்து. அழித்து அழித்து எழுதியதில் ஓரிடத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது. "கிருஸ்மஸ் தாதாவுக்கு" என்று ஆரம்பம். இரண்டே வேண்டுதல். ஒன்று, இருபத்து நாலு கலர் ஸ்கெட்ச் பென். இரண்டு, அம்மாச்சிக்கு முட்டி வலி போகணும். கடிதத்தைத் தாத்தா கையில் நேரில் கொடுக்க வேண்டும், வலிப்பது இடது முட்டி என்று வாயாலும் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் ஒரு வாட்ஸப் பட்டியலால் வந்த வினை. கிறிஸ்துமஸுக்குச் சென்னையில் தவறவிடக் கூடாத பத்து இடங்களாம். ஏழு மால், இரண்டு ஹோட்டல், ஒரு பனி அரங்கம். அந்தப் பத்தில் ஒரு கோயிலாவது இருக்க வேண்டாமா? கிறிஸ்து பிறப்புக்கு ஊரில் என்ன விசேஷம் என்று எழுத உட்கார்ந்தவருக்குச் சாந்தோம் மாதா கோயில் ஞாபகத்துக்கு வரவில்லையா? பட்டியலைப் பார்த்துவிட்டு அக்கா, "நீதான் லீவில் இருக்கியே, பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாயேன்" என்றாள். போனேன்.

தாத்தாவைப் பார்க்க டோக்கன் வேண்டும். டோக்கன் முதல் மாடியில். டோக்கன் வாங்க அந்த மாலின் ஆப்பைப் போனில் இறக்க வேண்டும். ஆப்புக்கு ஓடிபி. உள்ளே சிக்னல் இல்லை, அதனால் வாசல் வரை போய் ஓடிபி வாங்கிக்கொண்டு, பையையும் உடம்பையும் மறுபடி சோதிக்கக் கொடுத்துவிட்டு உள்ளே வர வேண்டும். வந்தேன். "பில் காட்டுங்க மேடம்" என்றார்கள். என்ன பில்? அன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு உள்ளே ஏதாவது வாங்கியிருந்தால்தான் டோக்கனாம். அந்தப் பட்டியலில் இது இல்லை, வாசலில் வைத்திருந்த பெரிய போர்டிலும் இல்லை. "அனைவரும் வருக" என்று மட்டும்தான் இருந்தது. தேவையே இல்லாத இரண்டு துண்டும் ஒரு தலையணை உறையும் வாங்கினேன். டோக்கன் 214. கீழே ஓடிக்கொண்டிருந்த எண் 131.

இரண்டே கால் மணி நேரம். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அவர் இடுப்பை மாற்றி மாற்றிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்க்கவே எனக்கு வலித்தது. பண்டிகைக்காக இத்தனை ஆயிரம் விளக்கு கட்டத் தெரிந்தவர்களுக்கு நாலு நாற்காலி போடத் தெரியாதா?

நடுவில் அரை மணிக்கு ஒரு தடவை "ஸ்னோ ஃபால்". கூரையில் வைத்திருக்கும் மெஷின் சோப்பு நுரையைக் கொட்டும். பிள்ளைகள் கத்தும், பெரியவர்கள் போனைத் தூக்குவார்கள். இரண்டாவது தடவை பாப்பாவின் கண்ணில் நுரை விழுந்து எரிச்சல் தாங்காமல் அழ ஆரம்பித்தாள். தரையெல்லாம் வழவழவென்று ஆகி ஒரு பெரியவர் வழுக்கி, தூணைப் பிடித்துத் தப்பித்தார். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி வைத்திருக்கிற சனத்துக்குச் சோப்பு நுரையைக் கொட்டிப் பனி காட்ட வேண்டுமா? பெத்லகேமில் அன்றைக்கு இடையர்கள் வெட்டவெளியில் மந்தைக்குக் காவல் இருந்தார்கள் என்றுதான் வேதத்தில் எழுதியிருக்கிறது. பனி பெய்ததாக ஒரு வரி கிடையாது.

சரி, அந்த நாலு நொடிக்கு வருகிறேன். ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள்ளேயே நின்றது.

முதல் நொடி. கயிற்றை விலக்கினார்கள். காதில் மைக் மாட்டிய பையன் ஒருவன் பாப்பாவின் தோளைப் பிடித்து, சிவப்பு நாற்காலியில் இருந்த தாத்தாவின் மடிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பாப்பா, "தாத்தா, நான்..." என்று வாயைத் திறந்தாள்.

இரண்டாவது நொடி. சட்டைக்குள் இருந்து கடிதத்தை எடுத்தாள். இரண்டே கால் மணி நேரமும் கசங்காமல் இருக்க வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். நுரை நனைத்துவிடக் கூடாது என்று அந்த நேரத்தில் ஓடி என் புடவைத் தலைப்புக்குள் வந்து நின்றவள். அதை நீட்டினாள்.

மூன்றாவது நொடி. தாத்தா கையை நீட்டப் போனார், நான் பார்த்தேன். அதற்குள் மைக் பையன் குறுக்கே கையை விட்டுக் கடிதத்தைக் கீழே அமுக்கினான். "பேப்பர் போர்டை மறைக்குது மேடம். பேபி, லுக் அட் த கேமரா!" தாத்தாவுக்குக் கீழே மாலின் பெயர் எழுதிய போர்டு இருந்தது. அது படத்தில் தெரிய வேண்டுமாம். ஒரு வாரம் அழித்து அழித்து எழுதிய கடிதம் அவனுக்குப் பேப்பர்.

நாலாவது நொடி. ஃபிளாஷ். "நெக்ஸ்ட்!"

நான் சும்மா வரவில்லை. "தம்பி, ஒரு நிமிஷம், அது கடிதம், கொடுத்துட்டு வந்துடட்டும்" என்றேன். "பின்னாடி கூட்டம் நிக்குது மேடம்" என்றான். கூட்டத்தை நிறுத்தி வைத்தது யார்? ஆப்பும் பில்லும் டோக்கனும் கேட்டு ஊரையே வரிசையில் நிறுத்திவிட்டு, கூட்டத்தைக் காட்டி ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் வாயை அடைப்பது என்ன நியாயம்? எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற அந்த அம்மாவே, "பரவாயில்லைங்க, பாப்பா பேசிட்டு வரட்டும்" என்றார். கேட்கவில்லை.

தாத்தாவாக உட்கார்ந்திருந்த பையன் மேல் எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது. இருபது வயதுகூட இருக்காது. தாடியின் எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் அறுத்துச் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. அந்தக் கம்பளி உடுப்புக்குள் வேர்த்து ஊற்றுகிறது. பாப்பா இறங்கும்போது அவன் கண் அவள் கையில் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கும் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல விடவில்லை.

அப்புறம் படம். இரண்டாவது மாடியில் போய் 350 ரூபாய் கட்டினால் அட்டை பிரேமில் போட்டுக் கொடுக்கிறார்கள். படத்தில் மாலின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. பாப்பா குனிந்து கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முகமே தெரியவில்லை. மறுபடி எடுக்க முடியுமா என்று கேட்டால், புது டோக்கன் எடுக்கச் சொல்கிறார்கள்.

4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்த நிக்கோலஸ்தான் இந்தத் தாத்தாவுக்கு மூலம். மூன்று பெண்களை வைத்துக்கொண்டு சீதனத்துக்கு வழியில்லாமல் தவித்த ஒரு தகப்பன் வீட்டில், ராத்திரியோடு ராத்திரியாக, யார் கண்ணிலும் படாமல் பண முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லும் கதை. கொடுத்தவர் முகம் தெரியக் கூடாது என்று இருட்டில் வந்த மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்லிப் பில் காட்டச் சொல்கிறார்கள் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

இந்த ஊரில் பார்க்க ஒன்றும் இல்லாமலா மாலுக்கு ஓடுகிறோம்? மயிலாப்பூர் லஸ் மாதா கோயிலைப் பாருங்கள். கல்வெட்டில் 1516 என்று வெட்டியிருக்கிறது. சுற்றிலும் காடாக இருந்த காலத்தில் கட்டியதால் காட்டுக் கோயில் என்றே பேர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாந்தோம். ஏசுவின் சீடர் தோமாவின் கல்லறை என்று நம்பும் இடத்தின் மேல் போர்த்துகீசியர் எழுப்பிய கோயில், இப்போது நிற்கும் கட்டடம் 1896-ஆம் வருஷத்தது. ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680-இல் திறந்தது. ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்ததே அங்கேதான். பாரிமுனைப் பக்கம் போனால் அரண்மனைக்காரன் தெரு. அரண்மனைக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தமில்லை, ஆர்மேனியர் என்ற சொல்தான் நம் வாயில் அப்படி மாறிவிட்டது. அவர்கள் 1772-இல் கட்டிய கோயில் இன்னும் நிற்கிறது. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 6-ஆம் தேதி. டிசம்பரில் தவறவிட்டவர்களுக்கு ஜனவரியிலும் ஒன்று இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால் எவ்வளவு ஆசையாகக் கேட்கும்! பட்டியல் போட்டவருக்கு இதில் ஒன்றாவது கண்ணில் பட்டதா?

ஏசு பிறந்த மாட்டுக் கொட்டிலைச் செய்து வைக்கும் குடில் என்ற ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்கவாவது கூட்டிக்கொண்டு போகலாமே. 1223-இல் புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் நிஜ மாடும் கழுதையுமாக ஆரம்பித்து வைத்தது. நம் ஊர்க் கோயில்களில் பையன்கள் சிமெண்ட் பைக் காகிதத்தைக் கசக்கிப் பெயின்ட் அடித்து மலை செய்வார்கள். பதினைந்து நாள் முன்னாலேயே தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு தூவி வைப்பார்கள். முளைத்ததும் அதுதான் புல்வெளி. கிட்டப் போய்க் குனிந்தால் ஈர மண் வாசனையும் பச்சை வாசனையும் வரும். நடுவில் தொட்டி காலியாக இருக்கும். குழந்தை ஏசுவை 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசையில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தக் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, எப்போது வரும் என்று காத்திருக்கிறதுதான் பிள்ளைகளுக்குப் பண்டிகை. மாலில் நவம்பர் மாதமே எல்லாம் வந்து இறங்கிவிடுகிறது. அப்புறம் காத்திருக்க என்ன இருக்கிறது, டோக்கனைத் தவிர?

மயிலாப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மார்கழி விடிகாலையில் மாட வீதியில் பஜனை போகும். பாபநாசம் சிவன் இருந்த நாளில் அவரே முன்னால் பாடிக்கொண்டு போன வீதி அது. அதே மாதத்தில் ராத்திரியானால் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். குட்டி யானை வண்டியில் ஜெனரேட்டர், கீபோர்டு, டிரம். முகமூடி போட்ட தாத்தா தெருவில் இறங்கி ஆடுவார், பிள்ளைகள் பின்னாலேயே ஆடும், எல்லார் கையிலும் மிட்டாய். எந்த வீட்டுப் பிள்ளை, என்ன மதம் என்று யாரும் கேட்டது கிடையாது. ஒரு பைசா செலவில்லை.

அதற்கும் இப்போது கேடு வந்தாச்சு. போன வருஷம் எங்கள் அடுக்குமாடி வாசலில் கேரல் குழுவை நிறுத்திவிட்டார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டோ, ஓடிபியாம். இருபத்திரண்டு பேர். "முகமூடியைக் கழட்டச் சொல்லுங்க, போட்டோ எடுக்கணும்" என்று வாட்ச்மேன் கேட்கிறார், மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால். எட்டாவது ஓடிபியோடு அவர்கள் வேண்டாம் என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது வண்டியின் பின் விளக்கு மட்டும் தெரிந்தது. இந்த வருஷம் செக்ரட்டரி சாரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன். 23-ஆம் தேதி ராத்திரி கேட்டில் நானே போய் நிற்கப் போகிறேன். யார் ஓடிபி கேட்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

நேற்று ஆட்டோவில் திரும்பும்போது பாப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. மந்தைவெளி தாண்டியதும் கேட்டாள்: "சித்தி, அந்தத் தாத்தாவுக்குப் பேசத் தெரியாதா?" நான் என்ன பதில் சொல்ல? "நம்ம தெருவுக்கு வர்ற தாத்தா பேசுவார்டா" என்றேன். "அப்போ லெட்டரை அவர்கிட்டயே குடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்டார் ஒன்றாவது வாங்கிக் கொடுப்போம் என்று ரோட்டோரக் கடையில் இறங்கினேன். சிவப்புக் காகித ஸ்டார், 180 ரூபாய். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே வயரும் இல்லை, ஹோல்டரும் இல்லை, பல்பும் இல்லை. எல்லாம் தனித்தனியாம். விற்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ராத்திரி ஒன்பதரைக்கு ஹோல்டருக்கு எங்கே போவேன்? பாத்ரூம் பல்பைக் கழற்றி மாட்டினோம். இன்று காலையில் மாமா இருட்டில் குளித்துவிட்டு ஆபீஸுக்குப் போனார்.