முகம் களவு போனால்?

எங்கள் குடியிருப்பின் வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் கருவி வேண்டாம் என்று நான் எழுதியதற்கு எங்கள் வாட்ஸாப் குழுவில் நேற்று சிரிப்பு எமோஜிகளாக வந்து விழுந்தன.

என் கவலை ஒன்றுதான். கடவுச்சொல் களவு போனால் மாற்றிவிடலாம். ஏடிஎம் அட்டை தொலைந்தால் வங்கியில் சொல்லி முடக்கிவிடலாம். முகம் களவு போனால் எந்தக் கடையில் போய் வேறு முகம் வாங்குவது?

"மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமெதற்கு" என்று குழுவில் ஒரு பெரியவர் அருளியிருக்கிறார். தம் வங்கிப் பாஸ்புத்தகத்தைப் பெற்ற மகனிடம்கூட அவர் காட்டமாட்டார் என்பது மூன்று மாடிக்கும் தெரியும். ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி எண்பது வயதைக் கடந்த பிறகு, 2012இல், ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அவர் மடியில் என்ன கனம் இருந்ததாம்?

படத்தைச் சேமிக்கமாட்டார்கள், எண்களாக மாற்றித்தான் வைப்பார்கள் என்கிறார் கணினித் துறை நண்பர். அந்த எண்களைக் கொண்டுதான் கதவு என்னை அடையாளம் காண்கிறதென்றால், அவை என் முகமல்லாமல் வேறென்ன? திருட்டு குறையும் என்கிறார்கள், குறையட்டும்.

கருவிகளின் நீதியை நான் ரேஷன் கடையில் பார்த்தவள். நாற்பது ஆண்டுகள் பாத்திரம் துலக்கித் தேய்ந்த என் அம்மாவின் விரல்களில் ரேகை விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தும், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அன்று வெறும் பையோடுதான் திரும்பினார்.

இங்கேயும் வீட்டுக்காரர்களுக்கு விருப்பம், வேலைக்கு வருபவர்களுக்குக் கட்டாயம். ஒப்புதல் என்பது நிபந்தனையின்றி, மனமுவந்து தரப்பட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. முகம் காட்டாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்பது எந்த ஊர் ஒப்புதல்?

நேற்றைய சோதனை ஓட்டத்தில், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண், வியர்வையைத் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டுப் படத்துக்கு நிற்பதுபோல் அந்தக் கருவியின் முன் நின்றார். "இது யார்கிட்டக்கா போகும்?" என்று பிறகு கேட்டார். அதையேதான் குழுவிலும் கேட்டேன். அதற்கு முதல் எமோஜி போட்டது, பத்து ஆண்டுகளாக என் வீட்டு மாற்றுச் சாவியை வைத்திருக்கும் தோழி.

இன்று காலை அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.