பையின் எடையும் தொழிலின் எடையும்

வெளிநாட்டில் இருந்துகொண்டே இணையத்தில் தொழில் நடத்துவது பற்றி எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் தொடர்ந்து உள்பெட்டியில் கேட்டுவருகிறார்கள். கேள்விகளில் பெரும்பாலானவை செலவைப் பற்றியவை: வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும், மாதம் அறுபதாயிரம் ரூபாயில் இரண்டு பேர் காலம் தள்ள முடியுமா. இவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி ஒருவர் விமானச் சீட்டு எடுத்துவிடக் கூடாது. விலைவாசி குறைந்த ஊரில் குடியிருப்பதை எளிய வாழ்க்கை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில், ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பு நடத்துபவர் முதலில் எளிமையாக்க வேண்டியது தொழிலைத்தான். துணிமணியும் சமையலும் அதற்குப் பிறகு தாமாகவே சுருங்கிக்கொள்ளும்.

நானும் என் மனைவியும் நெடுநாள் தங்கிய ஊர் என்பதால் வடதாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தை வைத்தே பேசுகிறேன். 2010களில் இணையத்தில் பிழைப்பு நடத்துபவர்கள் தங்கள் தலைநகரம் போலக் கருதிய ஊர் அது. அதற்குக் காரணம் கடற்கரை அல்ல. கடல் அங்கிருந்து வெகு தொலைவு. நிம்மன்ஹேமின் சாலைக்குப் பக்கத்திலேயே சியாங் மாய் பல்கலைக்கழகம் இருப்பதால், மாணவர்களுக்காகக் கட்டிய சிறிய ஒற்றை அறை வீடுகளும், இரவு வெகுநேரம்வரை திறந்திருக்கும் காபிக் கடைகளும், வேகமான இணைய இணைப்பும் வெளிநாட்டவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தன. மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் ஊர், டாலரில் சம்பாதிப்பவர்களுக்கு மிகமிக மலிவாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

நாங்கள் இருந்த காலத்தில், தாய்லாந்து நாணயமான பாத்தில் மாதம் ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு, கட்டில், அலமாரி, குளிர்சாதனம் எல்லாம் போட்ட அறை கிடைத்தது. இரண்டு மாத வாடகை முன்பணம். குளிர்சாதனத்தைப் போட்டால்தான் கதை மாறும். அரசு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ நான்கு பாத் வாங்கினால், அடுக்குமாடி உரிமையாளர்கள் பலர் குடியிருப்பவர்களிடம் ஏழு, எட்டு பாத் வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் மீட்டரைப் பார்த்து, துண்டுச் சீட்டில் கையால் கணக்கெழுதித் தருவார். ஊருக்குள் போக சிவப்பு நிறச் சோங்தேவ் வண்டிகள் உண்டு. பின்புறம் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள் போட்டு, நம் ஷேர் ஆட்டோ போல வழியில் கைகாட்டுபவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுபவை. சைவம் சாப்பிடுபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதியிருக்கும் கடையில், மீன் சாறு மட்டுமல்லாமல் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத சாப்பாடு கிடைக்கும். சோறும் இரண்டு வகைக் கறியும் நாற்பது பாத்துக்கு வயிறார உண்ணலாம். ரசம் மட்டும் கிடைக்காது.

இவ்வளவு குறைந்த செலவில் வாழலாம் என்றால், அங்கே எல்லோரும் நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? நான் பார்த்தவரையில் அப்படி இல்லை. காபிக் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் பலரின் உடைமைகள் விமானத்தில் கையோடு கொண்டுபோகும் ஏழு கிலோ பையில் அடங்கிவிடும். அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அவர்கள் நடத்திய தொழிலைப் பிரித்துப் பார்த்தால், சரக்கு சீனாவின் ஷென்ஜெனில், வாடிக்கையாளர் அமெரிக்காவில், புகார்களுக்குப் பதில் சொல்லும் உதவியாளர் பிலிப்பைன்ஸில், விளம்பரக் கணக்கு ஒரு நிறுவனத்திடம், கடைத்தளம் இன்னொரு நிறுவனத்திடம், பணம் வாங்கித் தருவது மூன்றாவது நிறுவனம். இவற்றில் எது ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும். எதுவுமே அவர்கள் கையில் இல்லை. ஓர் ஊரில் ஒரு கடையும் இரண்டு ஆட்களும் வைத்து மளிகை வியாபாரம் செய்பவருக்கு இதைவிடக் குறைந்த சிக்கல்தான் இருக்கும்.

டிராப்ஷிப்பிங் எனப்படும், சரக்கைக் கையால் தொடாமலேயே விற்கும் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். சீன விற்பனையாளர் சின்னச் சின்னப் பொட்டலங்களாக நேரே அமெரிக்க வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புவதில்தான் அதன் லாபம் இருந்தது. 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு இறக்குமதி வரி இல்லை என்ற அமெரிக்க விதி அதைத் தாங்கிப்பிடித்தது. 2016 வரை 200 டாலராக இருந்த அந்த வரம்பை அமெரிக்க அரசே உயர்த்தியது. அந்த அரசே 2025 மே 2 அன்று சீனச் சரக்குக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாட்டுச் சரக்குக்கும் அந்தச் சலுகையை நீக்கியது. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து, சியாங் மாயில் ஒருவர் வாடகை கட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் நிலை.

பரிந்துரைத் தளம் நடத்தியவர்களுக்கும் இதே கதைதான். 'சிறந்த பத்துச் சாய்வு நாற்காலிகள்' என்பது போன்ற கட்டுரைகளை எழுதி, அதன் வழியாக அமேசானில் நடக்கும் விற்பனைக்குத் தரகு வாங்குவது அந்தத் தொழில். 2020 ஏப்ரலில், உலகமே கொரோனாவில் முடங்கிக் கிடந்த நேரத்தில், அமேசான் அறைகலன்களுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. விற்பனை அதே அளவு நடந்தாலும் வருமானம் பாதிக்கும் கீழே. பிறகு 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது, மிச்சமிருந்த தளங்கள் பலவற்றுக்கு வாசகர் வருவதே நின்றுபோனது. மலிவான ஊரில் இருப்பது இத்தகைய அடியைத் தாங்கச் சில மாதம் கூடுதலாகக் கொடுக்கும், உண்மைதான். அந்த அவகாசமே கேடாகவும் முடிகிறது. வாடகை குறைவு என்பதாலேயே, என்றோ கைகழுவியிருக்க வேண்டிய தொழிலை ஆண்டுக்கணக்கில் கட்டி இழுத்தவர்களை அங்கே கண்டேன்.

எங்கள் தொழில் சிறியது. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பெண்களுக்கு, சட்டை, கவுன், குழந்தை உடைகளுக்கான வெட்டு அளவு வரைபடங்களைப் பிடிஎஃப் கோப்பாக விற்கிறோம். மனைவி திருப்பூரில் பேட்டர்ன் மாஸ்டரிடம் தொழில் கற்றவர். வரைவது அவர், விற்பது நான். புறப்படுவதற்கு முன் நாங்கள் செய்த வேலை கிட்டத்தட்ட முழுவதும் கழித்தல் கணக்கு. தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்பும் வகை நல்ல லாபம் தந்தாலும் அதை நிறுத்தினோம். தனித்தனி அளவுக்கு வரைந்து தருவதை விட்டோம். இணையதளத்தின் மூலையில் எட்டிப்பார்க்கும் உடனடி அரட்டைப் பெட்டியை எடுத்தோம். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி அடிக்கும்போது சியாங் மாயில் இரவு எட்டு அல்லது ஒன்பது. அரட்டைப் பெட்டி இருந்தால் நள்ளிரவுவரை கண்விழித்திருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு ஒரு நாளைக்குள் பதில் வரும் என்று எழுதிப்போட்டோம், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு முடிவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி 1 முதல், கோப்பு, மென்பொருள் போன்றவற்றைத் தனிநபர்களுக்கு விற்றால், வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் மதிப்புக்கூட்டு வரியைக் கட்ட வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே இருந்து விற்பவர்களுக்கும் இது பொருந்தும். ஜெர்மனிக்கு ஒரு விகிதம், ஹங்கேரிக்கு ஒரு விகிதம். நாங்கள் இதைத் தனியே சமாளிக்காமல், சட்டப்படி தானே விற்பனையாளராக நின்று, வரியை வசூலித்துக் கட்டிவிட்டு மீதியை நமக்கு அனுப்பும் ஓர் இடைநிலை நிறுவனத்திடம் விற்பனையை ஒப்படைத்தோம். அவர்கள் பிடித்துக்கொள்ளும் கட்டணம், நேரடியாக அட்டையில் பணம் வாங்குவதைவிட அதிகம். நண்பர்கள் சிலர் அதை வீண் செலவு என்றார்கள். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் பல நாடுகளில் இருக்க, எங்களுடைய பட்டியலில் இருப்பதோ அந்த ஒரே நிறுவனம். நாங்கள் அனுப்பும் ரசீதும் மாதத்துக்கு ஒன்றுதான். அறை வாடகையில் மிச்சம் பிடித்ததைவிட இதில் மிச்சமானது அதிகம் என்றே நினைக்கிறேன், பணமாக அல்ல, நேரமாக.

அப்படியும் சிக்கல் வராமல் இல்லை. வேறு நாட்டிலிருந்து உள்நுழைந்ததைக் காரணம் காட்டி, பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்று எங்கள் கணக்கை முடக்கியது. முகவரிச் சான்றாக மின்கட்டண ரசீதைக் கேட்டார்கள். சியாங் மாயில் எங்களிடம் இருந்தது அந்தத் துண்டுச் சீட்டு. கோயம்புத்தூர் வீட்டு மின் இணைப்போ அப்பா பெயரில். வங்கிக்குத் தொலைபேசியில் பேசி, முத்திரை வைத்த கணக்கு அறிக்கையைத் தம்பி நேரில் போய் வாங்கி அனுப்பிய பிறகுதான் பணம் வெளியே வந்தது. நம் வங்கிகள் ஓடிபியைப் பெரும்பாலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவே அனுப்புவதால், இந்திய சிம் அட்டை காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பதும் தொழில் செலவுதான். உலகில் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்கிறார்கள். ஆவணங்கள் மட்டும் ஒரே ஊரில் இருந்தாக வேண்டும்.

இனி விசா. நம் கடவுச்சீட்டை வைத்திருப்பவர், மேலை நாட்டவர் எழுதும் பயண ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜார்ஜியா நாட்டில் ஓராண்டு விசா இல்லாமல் தங்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தோனேசியாவின் தொலைநிலைப் பணியாளர் விசாவுக்கு ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்ட வேண்டும். அதே போன்ற மலேசியாவின் டிஇ ரந்தாவ் விசாத் திட்டத்தில் தொழில்நுட்பத் துறையினருக்கு 24,000 டாலர் போதும். தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த, தொலைநிலைப் பணியாளரும் பெறக்கூடிய டிடிவி விசா ஐந்தாண்டு செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். அதற்கு வங்கிக் கணக்கில் ஐந்து லட்சம் பாத், அதாவது நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல், இருப்பு காட்ட வேண்டும். இந்த விசா வருவதற்கு முன், சுற்றுலா விசாவில் வந்து மடிக்கணினியில் வேலை செய்வது சட்டப்படி செல்லுமா என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாத நிலையில்தான் பல்லாயிரம் பேர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். குறைந்த செலவில் வாழ வருபவர்களை எந்த நாடும் தனி விசா கொடுத்து வரவேற்பதில்லை என்பதை இந்தத் தொகைகளே சொல்கின்றன.

வரியைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். எந்த நாட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காவிட்டால் எங்கும் வரி கட்ட வேண்டாம் என்று சிலர் காணொளி போடுகிறார்கள். நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், உலகில் எங்கு ஈட்டிய வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு. அதற்குக் குறைவாக இருந்தாலும், வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனுக்கு, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்தால், அவரை இங்கே வசிப்பவராகவே கருதும் விதி 2020-21 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலின் வருமானமும் அந்தக் கணக்கில் சேரும் என்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. தாய்லாந்திலும் ஓர் ஆண்டில் 180 நாள் தங்கியவர் வரிக்கணக்கில் உள்ளூர்வாசி. 2024 ஜனவரி 1 முதல் அவர் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கும் வரி உண்டு. நாங்கள் இந்தியாவிலேயே வசிப்பவர்களாகக் கணக்குக் கொடுத்து, இங்கேயே வரி கட்டுகிறோம். ஒரே நாடு, ஒரே ஆடிட்டர்.

இன்னொன்று. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை வடதாய்லாந்திலும் அண்டை நாடுகளிலும் வயல் தாளையும் காட்டுச் சருகையும் எரிப்பதால் சியாங் மாயைப் புகை மூடிக்கொள்ளும். ஊருக்கு மேலேயே நிற்கும் தோய் சுதேப் மலை கண்ணுக்குத் தெரியாது. உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் வரிசையில் அந்த மாதங்களில் சியாங் மாய் முன்னால் நிற்பதும் உண்டு. வெளிநாட்டவர் பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே தீவுகளுக்கோ, வியட்நாமுக்கோ போய்விடுவார்கள். நாங்களும் பினாங்குக்குப் போனோம். துணியைக் கிலோ கணக்கில் நிறுத்துத் துவைத்துத் தந்த அம்மா, முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு அதே புகையில் எங்கள் கடைசி மூட்டையைக் கட்டிக் கொடுத்தார். நம் எளிய வாழ்க்கை மலிவாக முடிவதில் அவருடைய கூலிக்கும் பங்கிருக்கிறது. அதனால் துவைக்கும் கூலியிலும் சாப்பாட்டு விலையிலும் பேரம் பேசும் வெளிநாட்டவரை, நம்மவர் உட்பட, என்னால் மதிக்க முடியவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன், ஒரு மாதம் உங்கள் ஊரை விட்டு வேறு மாவட்டத்தில் உறவினர் வீட்டில் தங்கி, ஒரு மடிக்கணினி, ஒரு கைப்பேசியோடு தொழிலை நடத்திப் பாருங்கள். இடையில் எதற்காகவும் வீட்டுக்கு வரக் கூடாது. நாங்கள் தேனியில் என் மாமனார் வீட்டில் இருந்து அப்படிச் செய்தோம். பெரிய அளவுத் தாளில் சோதனை அச்சு எடுத்துப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் வெளியிட முடியாது என்பது இரண்டாவது வாரத்தில் தெரிந்தது. பிறகு புதிய வரைபடங்களை எல்லாம் எந்தக் கடையிலும் அச்செடுக்கக்கூடிய ஏ4 தாள்களாகப் பிரித்து வரையத் தொடங்கினோம். வாடிக்கையாளர்களுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று.